ஒரு சிரட்டை காணும்

எதில் ஏறினேன், எங்கே இறங்கினேன், யார் எந்தத் தாளில் முத்திரை குத்தினார்கள் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தேன், அவ்வளவுதான். தொண்ணூறாம் வருஷம், சித்திரை வெயில். வட்டுக்கோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு பழைய நெய் டின். டின்னில் ஒரு சாண் உயரத்தில் நாலு பட்டையாக ஏழு பச்சைத் தண்டுகள். இலை கிடையாது, லட்சணமும் கிடையாது. இதைக் கொண்டுபோய் ஒரு தாயிடம், "இந்தாங்க, உங்க பிள்ளையோட செடி" என்று கொடுக்கப் போகிறேன். அது அவருடைய பிள்ளையின் செடி இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேற்கொண்டு எழுதக் கை வராது.

நான் அப்போது திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை பார்த்தேன். பேராசிரியை என்று நினைத்துவிடாதீர்கள். தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவி, செடி உலர்த்தி, அட்டையில் ஒட்டி வைக்கிறவள். கட்டடத்துக்குப் பின்னால், கல்குவாரியில் கழித்துப் போட்ட கற்களை அடுக்கி ஒரு பாறைத் தோட்டம் போட்டிருந்தேன். தண்ணீர் வராத குழாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் கேட்காத செடிகள். அதைப் பற்றி ஒரு மாத இதழில் இரண்டு பக்கம் எழுதினேன். அது எப்படியோ கடல் தாண்டி, வட்டுக்கோட்டையில் யோகன் என்கிற இருபத்திரண்டு வயதுப் பையன் கையில் கிடைத்திருக்கிறது.

"அன்புள்ள அக்கா, நானும் எங்கள் வளவில் முருகைக்கல் அடுக்கி ஒரு பாறைத் தோட்டம் கட்டியிருக்கிறேன். கடற்கரைப் பற்றைக்குள் ஒரு சதைத் தண்டுச் செடி அகப்பட்டது. பெயர் தெரியவில்லை" என்று ஆரம்பித்தான். ஒரு வருஷம் எழுதினான். இந்த மாதிரிச் செடிக்குப் பூவைப் பார்க்காமல் பெயர் சொல்வது ஜோசியம் சொல்வதுதான். பூக்கட்டும், வரைந்து அனுப்பு என்று நானும் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு கடிதம் நின்றது.

அடுத்த வருஷம், படகில் இராமேஸ்வரம் வந்து சேர்ந்த உறவுக்காரர் ஒருவர் கல்லூரி வாசலில் வந்து நின்றார். ஈரத்துணியில் சுற்றிய மூன்று விரல் நீளத் தண்டு ஒன்று; கூடவே யோகனின் அம்மா எழுதிய சீட்டு. "மகனைச் சுற்றிவளைப்பிலை கொண்டு போனவை. இன்னும் வரேல்லை. அவன் வளத்ததிலை இது ஒண்டுதான் மிச்சம். அவன் வருமட்டும் வைச்சிருங்கோ. காலமையிலை ஊத்துங்கோ. ஒரு சிரட்டை தண்ணி காணும்."

சுற்றிவளைப்பு என்றால் ராணுவம் ஊரை வளைத்துப் பிள்ளைகளைப் பிடிப்பது, சிரட்டை என்றால் கொட்டாங்குச்சி என்று தெரியும். காலையில் ஊற்ற வேண்டும், ஊற்றினால் ஒரு கொட்டாங்குச்சி அளவு தண்ணீர் மேலே நின்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்படித்தான் புரிந்துகொண்டேன். இந்த இனத்துக்கு இவ்வளவு தண்ணீரா என்று உறுத்தியது. ஆனால் வளர்த்த வீட்டில் சொல்கிறார்கள், நான் யார் மறுக்க? தண்ணீர் நிற்கட்டும் என்று தொட்டியின் ஓட்டையைப் பாதி அடைத்தேன். தினமும் காலையில் ஊற்றினேன். நாலு மாதம் தாக்குப்பிடித்தது. அப்புறம் அடித்தண்டு கண்ணாடிபோல ஆகி, ஒரு நாள் கையோடு வந்தது.

அதை நான் எழுதவில்லை. எழுதியிருக்கலாம், இரண்டே வரி. பங்குனியில் அடுத்த கடிதம் வந்தது. "இப்ப சண்டை இல்லை. பிடிச்சுக்கொண்டு போன பிள்ளையள் ஒவ்வொருத்தராய் வருகினமாம். என்ரை பிள்ளையும் வருவான். வரேக்கை கண்டு வீட்டிலை நிக்கவேணும். ஆரிட்டையேன் குடுத்து விடுங்கோ."

எங்கள் பாறைத் தோட்டத்தில் அதே ஜாடையில் ஒன்று இருந்தது. கல்லிமுளையான் என்போம். ஆடு மேய்க்கிறவர்கள் பறித்து உப்புத் தொட்டுத் தின்கிற சாதாரணச் செடி. அதை எடுத்து டின்னில் வைத்தேன். பொய்யை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை; இன்ன தேதிக்கு மானிப்பாயில் இறங்குகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டு நானே புறப்பட்டேன்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் டின்னைப் பார்த்தார். "உதென்ன தங்கச்சி மடியிலை? கண்டோ?"

கன்று என்பதைத்தான் கண்டு என்கிறார்கள். "ஆமாங்க, செடி" என்றேன்.

"எங்கையிருந்து?"

"திருச்சி."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். அமைதி காக்க வந்து சண்டை போட்ட எங்கள் நாட்டுச் சிப்பாய்கள் அப்போதுதான் கப்பலேறிப் போயிருந்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மாள் தன் பையிலிருந்து ஒரு பனங்கட்டித் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "வெய்யில். வாயிலை போடுங்கோ. நீங்கள் பொம்பிளை, நீங்கள் என்ன செய்தனீங்கள்."

மானிப்பாய்க்கு ஒரு மைல் இருக்கும்போது டயர் வெடித்தது. மாற்று டயர் இல்லையா என்று கேட்டேன். "இருந்தால் நாங்கள் ஏன் உதிலை ஓடுறம்?" என்றார் கண்டக்டர். டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாலையோர வேப்ப நிழலில் நடந்தேன். எங்கள் ஊரில் பஸ் நின்றால் பாதிப்பேர் டிரைவரோடு சண்டை போடுவார்கள், மீதிப்பேர் டீக்கடைக்குப் போவார்கள். இங்கே ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடந்தார்கள். எவ்வளவு நடந்து பழகியிருந்தால் இப்படி நடப்பார்கள் என்று நினைத்தேன்.

மானிப்பாய் ஆஸ்பத்திரி மதிலோரம் சைக்கிளோடு நின்ற ஒரு பெரியவர் என்னை நோக்கி வந்தார். நரைத்த தலை, வெள்ளை வேட்டி, ஒல்லி உடம்பு.

"நீங்கள்தானே எங்கடை யோகன்ரை அக்கா?"

யோகனின் அப்பா, தம்பிராசா. ஆமாம் என்று தலையாட்டினேன். டின்னை வாங்கினார். ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். ஒரு சாக்குப்பையில் வைத்து ஹாண்டிலில் மாட்டினார். "கரியரிலை ஏறுங்கோ."

"அண்ணே, என் எடை உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"ரெண்டு மூட்டை வெங்காயம் ஏத்தினனான் இதிலை. ஏறுங்கோ தங்கச்சி. பிந்தினால் மனுசி பேசும்."

"பேசட்டுமே. எனக்கும் அவங்களோட பேசணும்னுதான் ஆசை."

அவர் சிரித்தார். சைக்கிள் ஆடியது. "பேசுறது எண்டால் எங்களுக்கு ஏசுறது. நீங்கள் சொல்லுறது கதைக்கிறது." சரிதான், இந்த ஊரில் வாயைத் திறக்க யோசிக்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. இருவரும் சிவப்பு மண்ணில் கிடந்தோம். அவர் விழுந்தபடியே பையை மட்டும் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முழங்கையில்தான் தோல் போயிற்று. புகையிலைக்கு இறைத்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டு, மெஷின் தண்ணீரைக் கையில் ஊற்றினார். மீதி தூரத்தை நடந்தோம்.

கனகக்கா படலையில் நின்றார். வேலி வாசலைத்தான் படலை என்கிறார்கள். யோகனின் அம்மா; கனகேஸ்வரி என்று கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். டின்னை வாங்கிக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தண்டாகத் தொட்டார்.

"மூண்டு விரல் நீளம்தானே அனுப்பினனான். ஏழாக்கிப் போட்டியள்" என்றார். எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கைகளை அப்போதே வெட்டிப் போட்டிருக்கலாம் என்றிருந்தது எனக்கு.

பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. குசினியில் பாய் போட்டு உட்கார வைத்தார். குழல் புட்டு, தேங்காய்ப்பூ வெள்ளையாகத் தெரிய. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, மஞ்சளாக ஒரு சொதி. எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரை போட்டுச் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது. இங்கே அதைக் குழம்பில் குழைத்து உருட்டிச் சாப்பிடுகிறார்கள். உறைப்பு உச்சந்தலையில் ஏறியது. ஆனாலும் கை நிற்கவில்லை. கனகக்கா கணவரின் தட்டில் இன்னொரு குழலைத் தள்ளப் போனார். அவர் தட்டுக்கு மேலே கையை விரித்து, "காணும், காணும்" என்றார்.

"என்ன அண்ணே காணும்?" என்றேன், சும்மா.

"புட்டு. இவ்வளவும் காணும்."

"எங்க போச்சு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கனகக்காதான் விளக்கினார். "காணும் எண்டால் காணும்தான். வயிறு நிறைஞ்சிட்டுது, இனி வேண்டாம். உங்கடை ஆக்கள் என்னெண்டு சொல்லுறது? போதும்."

போதும்.

ஒரு சிரட்டை தண்ணி காணும்.

உருட்டிய புட்டு கையிலேயே இருந்தது. தினமும் விடிந்ததும் விடியாததுமாக டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடியது, ஓட்டையை அடைத்தது, தண்ணீர் மேலே மினுங்குகிறதா என்று குனிந்து பார்த்தது, எல்லாம் வரிசையாக வந்தது. மழையில் அழுகிற்று, பிரயாணத்தில் நொந்திருந்தது, என் நேரம் சரியில்லை என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேனே! ஒரு வார்த்தையை வைத்துக் கொன்றிருக்கிறேன். அவர் போதும் என்று எழுதினார். நான் போதாது என்று ஊற்றினேன்.

"உறைப்பே தங்கச்சி? கண் கலங்குது" என்று கனகக்கா தண்ணீர்ச் செம்பை நகர்த்தினார். ஆமாம், காரம் என்றேன்.

மறுநாள் கனகக்கா வளவை, வீட்டைச் சுற்றிய நிலத்தை, சுற்றிக் காட்டினார். கிணற்றுக்குப் பின்னால் மண் மூடிய ஒரு மேடு. வாசல் மாதிரி ஒரு பொந்து. "இது பங்கர். ஷெல் வரேக்கை ஓடி ஒளிக்கிறது." மண் சரிந்த இடத்தில் ஓட்டை ஓட்டையாக முருகைக்கற்கள், பவளப்பாறைத் துண்டுகள், தெரிந்தன. "இந்தக் கல்லெல்லாம் யோகன் சைக்கிளிலை கட்டிக் கொண்டந்து அடுக்கினது. அவன்ரை தோட்டம் இதிலைதான் இருந்தது. இவர் பிரிச்சுப் பங்கருக்குப் போட்டிட்டார்" என்றார். கணவரிடம் கோபமா என்று நான் கேட்கவில்லை, குரலிலேயே இருந்தது.

பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பி எடுத்து வந்தார். நாற்பது பக்க நோட்டு. பையன் என்ன சுத்தமாக எழுதியிருக்கிறான்! பக்கத்துக்கு ஒரு செடி. பெயர், கண்ட இடம், தண்டு, பூ, மணம், தண்ணீர். கற்றாழை, பிரண்டை, சதுரக்கள்ளி எல்லாம் முடிந்து, கடைசிப் பக்கத்தில் நம்முடைய செடி. பெயர் என்ற இடத்தில் கோடு மட்டும். கீழே பென்சிலில் ஒரு பூ. அது பூத்திருக்கிறது! பக்கத்திலேயே தேதி: அவனைக் கொண்டுபோவதற்குப் பத்து நாள் முன்பு. அந்தக் கடிதத்தை எழுத அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

தண்டு: தடிப்பு, உச்சி மொட்டை. பூ: உச்சியில் பந்துபோல் கொத்தாக. நிறம்: கறுத்த இரத்தம். மணம்: அம்மா அலுமாரிக்குக் கீழ் செத்த எலி தேடினார்.

"ஓம், ரெண்டு நாள் தேடினனான். வீடு முழுக்க மணம். தும்புத்தடியாலை குத்திக் குத்திப் பாக்கிறன். அவன் கதிரையிலை இருந்து சிரிக்கிறான். பிறகுதான் சொல்லுறான், அம்மா, எலி இல்லை, பூ எண்டு." கனகக்காவும் சிரித்தார். "இந்த முறை பூக்கட்டும். நாறினாலும் பரவாயில்லை. அந்த மணத்துக்கு அவன் வந்திடுவான்."

எனக்குப் பெயர் தெரிந்துவிட்டது. அந்த ஒரு வரி போதும். ஈயை வரவழைக்க அழுகிய மாமிசம் மாதிரி நாறுகிற தடித்த சாதி, உச்சியில் பந்தாகப் பூக்கும். நான் கொண்டுவந்தது மெலிந்த சாதி. நுனி ஊசியாகப் போகும். தண்டு நெடுக ஒவ்வொன்றாகச் சின்னப் பூ. நாற்றமும் இல்லை, மணமும் இல்லை. பூக்காதவரை, அதுவும் என்னிடம் வந்ததுபோல வற்றிச் சுருங்கிய துண்டாக இருந்தால், இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. பூத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். டின்னை எட்டிப் பார்த்தேன். இரண்டு தண்டின் நுனிப்பக்கத்தில் மிளகளவு மொட்டுகள் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தன. திருச்சியில் ஒரு வருஷமாகப் பூக்காத சனியன், இங்கே வந்து மொட்டு விடுகிறது.

மூன்றாம் நாள் விடிந்ததும் முதல் வேலையாக முற்றத்துக்கு வந்தேன். மொட்டைக் கிள்ளிவிட்டால் போதும்; நான் பஸ் ஏறும்வரை பூக்காது. குனிந்து நகத்தை வைத்தேன்.

"நுள்ளாதேங்கோ."

கிணற்றடியில் தம்பிராசா அண்ணன், கையில் வாளியோடு நின்றார். கையை எடுத்தேன்.

"மானிப்பாயிலை கையிலை வாங்கேக்கையே தெரியும்" என்றார் மெதுவாக. "அது மொட்டைத் தலை. இது ஊசி."

"அக்காவுக்குத் தெரியாதா?"

"அவ எங்கை கண்டைப் பாக்கிறா? பொடியனையெல்லோ பாக்கிறா."

எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, ஓட்டை, டம்ளர், நேற்று முன்தினம் புட்டில் விளங்கிய வார்த்தை, ஒன்று விடாமல். அவர் வாளியைக் கீழே வைத்தார். "நான் கல்லைப் பிரிச்சன். நீங்கள் தண்ணியை விட்டியள். பிழை எண்டால் ரெண்டு பேரிலும்தான். ஆனால் சொல்லத்தான் வேணும். இண்டைக்கு வேண்டாம். தெல்லிப்பழையிலை ஒரு பொடியன் விடுபட்டு வந்திருக்கிறானாம். மனுசி விசாரிக்கப் போகுது. நீங்களும் கூடப் போங்கோ."

போனோம். மூன்று பஸ் மாறினோம். ஒன்றில் நிற்க இடமில்லை. ஒன்றில் உட்காரச் சீட்டே இல்லை, கழற்றி எடுத்திருந்தார்கள். கனகக்கா நல்ல சேலை கட்டி, ஒரு பையில் மாம்பழமும் கைப்பையில் யோகனின் படமும் வைத்திருந்தார். வழியெல்லாம் செடிக் கதைதான். எந்தக் கல் எந்தப் பக்கம் இருந்தது, எந்தச் செடிக்கு வெயில் ஆகாது, எது வெள்ளாட்டுக்குத் தப்பியது. செடி பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இந்த அம்மாவுக்குத் தெரிந்ததில் பாதி தெரியாது.

விடுபட்டு வந்த இளைஞன் முன்விறாந்தையில் உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலும். அவன் அம்மா அவனைத் தொட்டுக்கொண்டே இருந்தார், தோளை, தலையை. கனகக்கா படத்தை நீட்டினார்.

"இவரைக் கண்டனீரோ தம்பி?"

அவன் பார்த்தான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

"வடிவாப் பாரும்."

வடிவு என்றால் அழகு; வடிவாகப் பார் என்றால் நன்றாகப் பார் என்று இதற்குள் எனக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. அவன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். பொய் சொல்ல முடியுமா என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"காணேல்லை அம்மா. நான் இருந்த இடத்திலை ஆளைக் காணேல்லை."

கனகக்கா படத்தை வாங்கித் துடைத்து உள்ளே வைத்தார். மாம்பழங்களை எடுத்து அந்தத் தாயின் மடியில் போட்டார். "உங்கடை பிள்ளை வந்திட்டுது. காணும்" என்றார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்கள், குடித்தோம். திரும்பி வரும்போது மூன்று பஸ்ஸிலும் அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "கண்டுக்கு இண்டைக்குத் தண்ணி விடவேணும்" என்றார்.

நாலாம் நாள் காலை பூத்துவிட்டது. இரண்டே பூ. சின்னச் சுண்டுவிரல் நகமளவு நட்சத்திரம், கறுஞ்சிவப்பு, ஓரத்தில் மெல்லிய மயிர். கனகக்காதான் முதலில் பார்த்தார். "யோகன்ரை அப்பா, ஓடியாங்கோ!" என்று கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. மண்டியிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். மூச்சை இழுத்தார். டின்னைத் திருப்பி இன்னொரு தரம் இழுத்தார்.

"மணக்கேல்லை" என்றார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மணக்கேல்லை. ஏன் மணக்கேல்லை?"

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். "அக்கா, இது அது இல்லே. அது செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். உங்க சீட்டைத் தப்பாப் படிச்சிட்டேன். தண்ணி காணும்னு எழுதியிருந்தீங்க. தண்ணி கண்ணுக்குத் தெரியணும்னு நெனச்சு தினமும் ஊத்தி ஊத்தி அழுக வச்சிட்டேன்."

அன்றைக்குத்தான் கனகக்கா என்னைப் பேசினார். அந்த ஊர் அர்த்தத்தில் பேசினார். "படிச்ச மனுசியெல்லோ நீங்கள்! கள்ளிக்கு ஆரேன் தண்ணி கட்டி நிப்பாட்டுவினமே? விளங்காட்டி ஒரு கடிதம் போட்டுக் கேக்கக்கூடாதே? ஏழு தண்டு எண்டு கையைக் கண்ணிலை ஒத்தினனே, அப்ப சொல்ல வாய் வரேல்லையே உங்களுக்கு?" ஒவ்வொரு சொல்லும் எனக்கு வேண்டியதுதான். அண்ணன் இடையில் ஏதோ சொல்லப் போனார். "நீங்கள் கதையாதேங்கோ! நீங்களும்தானே!" என்று அவர் பக்கம் திரும்பினார். அப்புறம் குரல் உடைந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அழுதார். அழுதது செடிக்கில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். தெல்லிப்பழையில் அழாததை அங்கே அழுதார்.

வெயில் முற்றத்துக்கு வந்தது. அவர் எழுந்து முகம் கழுவினார். கிணற்றடியிலிருந்து திரும்பும்போது கையில் ஒரு சிரட்டை தண்ணீர் இருந்தது. டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூவில் படாமல், தூரைச் சுற்றி மெதுவாக ஊற்றினார்.

"இது பாவம். தன்ரை பாட்டிலை நிண்டதை இழுத்துக்கொண்டு வந்திட்டியள்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அதின்ரை பேர் என்ன?"

கொப்பியை எடுத்து வரச் சொன்னார். யோகன் போட்ட கோட்டின் மேல் கேரலுமா அம்பெல்லாட்டா என்று எழுதினேன். ஒரு பையன் மூன்று வருஷம் காத்திருந்த பெயர், ஒரு வரியில் முடிந்துவிட்டது. கனகக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "வாயிலை வருகுதில்லை. அவனுக்கு வரும்" என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இதையும் எழுதுங்கோ. வந்தால் கேப்பான், இதெங்காலை வந்தது எண்டு."

எழுதினேன். பெயர்: கல்லிமுளையான். கண்ட இடம் என்பதில் திருச்சி, கல்லூரிப் பாறைத் தோட்டம். தண்டு: மெலிவு, நுனி ஊசி. பூ: தண்டு நெடுக, தனித்தனியாக. மணம்: இல்லை. தண்ணீர் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. கனகக்கா சொன்னார், நான் எழுதினேன்: கிழமைக்கு ஒரு சிரட்டை காணும்.

"விளங்குதே இப்ப?"

"விளங்குது அக்கா."

மத்தியானம் அண்ணன் என்னை மானிப்பாய்வரை கொண்டுவந்து விட்டார். இந்த முறை நான் கரியரில் ஏறவில்லை. அவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். கனகக்கா படலையில் நின்றார். போய்ட்டு வரேன் என்றேன். "ஓம், வாங்கோ" என்றார். சிரிக்கவில்லை.

நான் திருச்சி திரும்பிச் சில வாரங்களில் மறுபடி சண்டை தொடங்கியது. தபால் இல்லை. பேப்பரில் வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை என்று பெயர் வந்தால் இரண்டு தரம் படிப்பேன். ஐந்தாறு கடிதம் எழுதினேன். எல்லாவற்றிலும் மன்னிப்புத்தான் கேட்டேன். யார் கையிலாவது போய்ச் சேரட்டும் என்று படகில் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரிடமும் கொடுத்தனுப்பினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, மண்டபம் அகதி முகாமிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி ஒரு சீட்டு வந்தது. கொப்பியில் கிழித்த கால் பக்கம். கனகக்காவின் கையெழுத்து.

"கண்டு நிக்குது. மகனைக் காணேல்லை. தங்கச்சி, நீங்கள் அழுதது காணும்."

பாறைத் தோட்டத்துக் கல்லில் உட்கார்ந்து அதைப் படித்தேன். இந்த முறை ஒரு சொல்லையும் தப்பாகப் படிக்கவில்லை.